சுருதி சேர்ந்த இடி

ஹெட்போனின் வலது பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. கடுகளவுதான். அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு வந்த கோபம் மலையளவு.

அந்த அம்மாளுக்கு ஸ்டேஷனில் கடுகு என்றுதான் பட்டப்பெயர். ஆள் சிறியவர், சூடு பட்டால் வெடிப்பார். தனக்கு இப்படியொரு பெயர் இருப்பது தனக்குத் தெரியாது என்று கான்ஸ்டபிள்கள் நம்பிக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியும்.

மாலை நான்கு மணி. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஒலிப்பதிவு ஸ்டூடியோ. இரண்டு அறைகள், நடுவில் தடித்த கண்ணாடி. காலையில் உள்ளறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஹெட்போனை மாட்டி ஒரே ஒரு அடி அடித்தாள். அலறிக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தாள். வலது காது போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல். இடது காது தேறுமா என்பதை டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அவளை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயே திறக்காதவளுக்கு அப்படி ஒரு பெயர். விதவிதமான டிரம் சத்தங்களை உண்டாக்குவது அவள் வேலை.

"ஆக்சிடென்ட் மேடம்" என்றார் ஸ்டூடியோ முதலாளி. குரலில் சர்க்கரை வழிந்தது. "ஹெட்போன் வால்யூம் ஃபுல்லா இருந்திருக்கு. நம்ம என்ஜினியர் பார்த்திருக்கணும். கவனக்குறைவு. நானே எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், நீங்க ஒரு கையெழுத்து..."

"கையெழுத்தா? நான் இன்னும் செருப்பையே கழட்டல."

முதலாளி நீட்டிய காகிதத்தை மடித்துக்கொண்டார். மூலையில் ஒலிப்பதிவு என்ஜினியர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு, யாரோ அடிக்கப்போகிறார்கள் என்பதைப் போல ஒடுங்கியிருந்தார். ஜன்னலோரம் இசையமைப்பாளர் உட்கார்ந்திருந்தார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அழுதிருந்தார் போலும், கண்கள் சிவந்திருந்தன.

"இங்க டிரம் எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டிரம்மே கிடையாது மேடம்" என்றார் என்ஜினியர். "இந்தப் பெட்டிதான்."

சுவரை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி, பீரோவைப் படுக்கவைத்த அளவில். முகம் முழுக்கக் குமிழ்களும் துளைகளும். துளைக்குத் துளை வண்ண வண்ணக் கேபிள்கள். முன்னால் கையகல ரப்பர் பலகை ஒன்று.

"அடிச்சுக் காட்டுங்க."

என்ஜினியர் முதலில் வெறும் சத்தம் ஒன்றை ஒலிபெருக்கியில் விட்டார். 'ஊ' என்று ஒரே மட்டத்தில், உயிரில்லாமல். "இதுதான் மேடம் கச்சாப் பொருள். இதோட சுருதியைக் கண்ணிமைக்கிற நேரத்துல மேலேருந்து கீழே விழ வைக்கணும். சத்தத்தை அப்படியே தேய விடணும்." ஒரு குமிழைத் திருப்பிவிட்டு ரப்பர் பலகையைத் தட்டினார். 'தும்ம்ம்' என்றது. அடிவயிற்றில் யாரோ கைவைத்தாற்போல இருந்தது இன்ஸ்பெக்டருக்கு.

"தகரக் கூரையில மழை பெய்யுற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கு. அதை நறுக்குன்னு வெட்டி, கூட ஒரு சின்னத் தொனியைச் சேர்த்தா 'டப்'னு ஸ்நேர் டிரம். ஒண்ணுக்கொண்ணு சேராத நாலஞ்சு சத்தத்தை மோத விட்டு, கனமானதை வடிகட்டி எடுத்துட்டா 'ட்ஸ்'ஸுனு தாளத்தட்டு. எல்லாம் அந்த அம்மாதான் மேடம். நான் செஞ்சா சத்தம்தான் வரும். அவங்க செஞ்சா டிரம் வரும்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

"அழுகை அப்புறம். காலையில என்ன நடந்துச்சு?"

"தினமும் காலையில நான்தான் பெட்டியை அவங்களுக்காக செட் பண்ணி வைப்பேன். இதுக்கு ஞாபகசக்தி கிடையாது. ராத்திரி வேற ஆளுங்க வந்து குமிழையெல்லாம் திருப்பிட்டுப் போயிடுவாங்க. அதனால வேலை முடிஞ்சதும் அவங்க போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுவாங்க. அதைப் பார்த்து நான் ஒவ்வொரு குமிழா, கேபிளா சரி பண்ணுவேன். இன்னைக்கும் பண்ணேன். லிமிட்டரும் ஆன்லதான் இருந்துச்சு, சத்தியமா."

"லிமிட்டர்னா?"

"காவல்காரன் மாதிரி மேடம். சத்தம் எல்லை மீறினா தலையில தட்டி உட்கார வைக்கும். பின்னாடி ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா அது தூங்கிடும்." என்ஜினியர் தலை குனிந்தார். "இப்பப் பார்த்தா பட்டன் அமுங்கியிருக்கு."

"செட் பண்ணினதுக்கப்புறம் இந்த அறையை விட்டுப் போனீங்களா?"

"டீ வாங்கப் போனேன். அவங்க அப்ப இன்னும் வரல."

"அப்ப யார் இருந்தாங்க?"

"சார் ஆபீஸ் ரூம்ல போன்ல பேசிட்டிருந்தாரு. அவர்..." இசையமைப்பாளரைக் கண்ணால் காட்டினார். "அவர் பாட்டு கேட்டுட்டிருந்தாரு."

"நான் வெளியறையிலதான் இருந்தேன்" என்றார் இசையமைப்பாளர் உடனே.

இன்ஸ்பெக்டர் அவரைக் கவனிக்காதவர்போல என்ஜினியரையே பார்த்தார். "அடி விழுந்தப்ப நீங்க எங்க?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம். பார்த்துட்டேதான் இருந்தேன். அவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு மேடம். ஹெட்போனை எடுத்ததும் மாட்ட மாட்டாங்க. மடியில வச்சுக்கிட்டு ஒரு விரலால மெல்ல ஒரு தட்டு தட்டுவாங்க. காதை வச்சுப் பிழைக்கிறவங்களோட ஜாக்கிரதை அது. அப்புறம்தான் மாட்டிக்குவாங்க, அதுவும் இடது பக்கம் பாதி விலக்கி. கண்ணை மூடிக்கிட்டு ஓங்கி ஒரு அடி. இன்னைக்கும் அப்படித்தான்."

"மடியில வச்சுத் தட்டினப்ப திடுக்கிட்டாங்களா?"

"இல்லையே. சிரிச்சுக்கிட்டே மாட்டினாங்க."

இன்ஸ்பெக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். கூட வந்த கான்ஸ்டபிளை நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை அவர் மடியில் வைத்தார். வால்யூம் குமிழ் கண்டெடுத்தபடியே கடைசி வரை திருகியிருந்தது, லிமிட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பலகையை விரல் நுனியால் மெல்லத் தட்டினார்.

மடியிலிருந்த ஹெட்போன் குரைத்தது. கான்ஸ்டபிள் துள்ளி எழுந்த வேகத்தில் தொப்பி தரையில் உருண்டது.

"வால்யூம் ஃபுல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க" என்று முதலாளி பக்கம் திரும்பினார் இன்ஸ்பெக்டர். "மெல்லத் தட்டினதுக்கே இந்தப் போடு போடுது. இதைக் கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே காதுல மாட்டுவாளா ஒருத்தி? என் காதுல பூ சுத்தாதீங்க. அடி விழுந்தப்புறம் யாரோ வந்து குமிழைத் திருகி வச்சிருக்காங்க. ஆக்சிடென்டுன்னு நாம எல்லாரும் தலையாட்டணும்னு."

முதலாளியின் முகத்தில் சர்க்கரை வற்றிப்போனது. "அப்ப... அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நானும் என்ஜினியரும். இந்த என்ஜினியர்தான் அவ பையை எடுக்கத் தனியா திரும்பி வந்தான். இவனுக்கு அவ மேல பொறாமை மேடம். அவ போறா, இவனைக் கூட்டிட்டுப் போகல."

"எங்க போறா?"

"ஏதோ ஒரு நாட்டியக் குழு. முழு நிகழ்ச்சிக்கும் டிரம் சத்தம் மட்டும்தானாம், அவ பேர்லேயே. திங்கட்கிழமை வந்து 'நான் கிளம்புறேன் சார்'னு சொன்னா. எங்க மூணு பேருக்கும் தெரியும்."

"அப்ப நீங்க ஆஸ்பத்திரியில. இவர் இங்க தனியா" என்று இசையமைப்பாளரை நோக்கினார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குக் கை கால் ஓடல மேடம்" என்றார் அவர். "ஜன்னல்கிட்ட உட்கார்ந்து அழுதேன். என்ஜினியர் வந்தப்ப நான் கீழ இறங்கிட்டேன். அவ என் தங்கச்சி மாதிரி. எங்களுக்குள்ள இருந்த ஒரே சண்டை சுருதிதான். அவ போடுற 'இடி'ன்னு ஒரு டிரம், என் பாட்டோட சேரவே சேராது. மயிரிழை கீழ நிக்கும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேக்கவே மாட்டா. இனி யார்கிட்ட சண்டை போடுவேன்?" கைக்குட்டையை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கைக்குட்டையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ஜினியரின் போனை வாங்கி, டமாரம் முந்தைய நாள் அனுப்பிய போட்டோவைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். கேபிளுக்குக் கேபிள் சரியாக இருந்தது. குமிழ்களும் பெட்டியின் முகத்தில் அச்சிட்ட எண்களுக்கு நேராக, போட்டோவில் உள்ளபடியே நின்றன. ஒன்றைத் தவிர. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் நின்ற ஒரு குமிழ் மட்டும், போட்டோவை விட ஒரு நூல் வலப்பக்கம் தள்ளியிருந்தது.

"இது என்ன குமிழ்?"

"சுருதி மேடம்" என்றார் என்ஜினியர்.

"கை பட்டிருக்கும்" என்றார் முதலாளி.

"பட்டிருக்கும், பட்டிருக்கும். உங்க எல்லாருக்கும் எல்லாம் தானாத்தான் படும்." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் ஃபைலிலிருந்து கண்ணாடித்தாள் ஒன்றை உருவி, பெட்டியின் முகத்தில் வைத்து, அந்தக் குமிழின் முனை நின்ற இடத்தைப் பேனாவால் கோடிட்டுக்கொண்டார். அறையைப் பூட்டி சீல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் டமாரத்தின் கணவன், பஸ் டிரைவர், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றிருந்தான். "யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

"நீ பார்த்துக்கிட்டா உன்னையும் நான்தான் பார்த்துக்கணும். ஓரமா நில்லு."

உள்ளே டமாரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றிக் கட்டு. கட்டிலுக்குப் பின்னால் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, கையில் ஒரு காகிதப் படகுடன். "அம்மா" என்றது. அவள் திரும்பவில்லை. "அம்மா, படகு." திரும்பவில்லை. குழந்தை குரலை உயர்த்தவில்லை. அம்மா தன் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, படகைத் தானே பிரிக்க ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகினால் அடுத்து யாராவது திட்டு வாங்குவார்கள். அன்று வாங்கியவர் வழியில் நின்ற வார்டுபாய்.

கேள்விகளைப் போனில் எழுதிக் காட்டினார். டமாரம் வாயால் பதில் சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"'தும்'முன்னு வரணும். வரல. 'கீச்'சுன்னு வந்துச்சு. ஊசி மாதிரி. அது என் இடி இல்ல!"

'இடி எப்படிக் கீச்சு ஆகும்?' என்று எழுதினார் இன்ஸ்பெக்டர்.

"அடிக்கிற வேகத்தைச் சுருதிக்கும் சத்தத்துக்கும் கொண்டுபோற மாதிரி ரெண்டு கேபிள் கூடப் போட்டா ஆகும். மெல்லத் தட்டினா மெல்ல வரும். ஓங்கி அடிச்சா ரெண்டும் சேர்ந்து மேல பாயும்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "நான் முதல்ல மெல்லத்தான் தட்டுவேன். அது தெரிஞ்சவங்க..."

'மெல்லத் தட்டும்போது வித்தியாசமே தெரியாதா?'

"கொஞ்சம் சுருதி ஏறும். அதுக்கேத்தபடி சுருதிக் குமிழை முன்னாடியே இறக்கி வச்சிட்டா தெரியாது. மடியில கிடக்கற ஹெட்போன்ல அவ்வளவு நுணுக்கமா கேக்காது."

'அப்ப கேபிளைக் கழட்டினதும்?'

"குமிழைப் பழைய இடத்துக்கு ஏத்தணும்."

இன்ஸ்பெக்டர் போனை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்த ஒரு நூல் இடைவெளி இப்போது அவருக்குக் கை பட்டதாகத் தெரியவில்லை. யாரோ பழைய இடத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். போட்டோ இல்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். மற்ற குமிழ்கள் எண்களில் நிற்பவை, மனதில் வைத்துக்கொண்டாலே போதும். இது எண்ணில் நிற்காத குமிழ்.

கடைசியாக ஒன்று எழுதினார். 'உங்க இடி, பாட்டோட சுருதி சேராதாமே? ஏன்?'

டமாரம் அந்த நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். பதிலைச் சொல்லவில்லை. போனை வாங்கி எழுதினாள். இன்ஸ்பெக்டர் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட பேசி உன்னை ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போறேன்" என்று வாயாலேயே சொன்னார். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை, ஸ்டூடியோ. மூன்று பேரும் வெளியறையில். இன்ஸ்பெக்டர் சீலை உடைத்து, சுருதிக் குமிழை மனம்போனபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. இந்த இடி எப்படி இருக்கணுமோ அப்படி வச்சுக் கொடுங்க. எப்படி வேணா வைங்க. எதை வேணா பார்த்துக்கலாம், பாட்டைப் போட்டுக்கலாம். எனக்குச் சரியா வரணும், அவ்வளவுதான்."

முதலாளி வந்தார். கொஞ்ச நேரம் பெட்டியை முறைத்தார். "இதுல எது மேடம் சுருதி?" என்றார்.

"போங்க."

என்ஜினியர் வந்தார். பேசாமல் போனை எடுத்து, போட்டோவைப் பெரிதாக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குமிழின் முனை போட்டோவில் நின்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ரப்பர் பலகையைத் தொடவே இல்லை.

"தட்டிப் பார்க்கலையா?"

"எனக்குச் சுருதி ஞானம் கிடையாது மேடம். கண்ணுதான்."

அவர் போனதும் இன்ஸ்பெக்டர் கண்ணாடித்தாளைப் பெட்டியின் மேல் வைத்தார். என்ஜினியர் வைத்த இடம் நேற்றுப் போட்ட கோட்டுக்கு ஒரு நூல் இடப்பக்கம். டமாரத்தின் போட்டோவில் இருந்த அதே இடம்.

மீண்டும் குமிழைக் கலைத்தார். இசையமைப்பாளர் வந்தார்.

"போட்டோ வேணுமா? என்ஜினியர்கிட்ட இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டோ எதுக்கு மேடம்?" அவர் லேசாகச் சிரித்தார். "எனக்குக் காது இருக்கு."

பாட்டைச் சன்னமாக ஓடவிட்டார். கண்ணை மூடினார். ஒரு தட்டு, ஒரு திருப்பு. இன்னொரு தட்டு, அதைவிடச் சின்னத் திருப்பு. வாய்க்குள் ஏதோ முனகினார். மூன்றாவது தட்டில் பாட்டும் டிரம்மும் ஒன்றுக்குள் ஒன்று போய் அடங்கின. தலையை ஆட்டினார். "இவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடித்தாளை எடுத்து வைத்தார். குமிழின் முனையும் பேனாக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக விழுந்தன.

நிதானமாக அதைப் பார்த்தார். திரும்பியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஸ்டேஷனில் அவர் கத்தும்போது யாரும் பயப்படுவதில்லை. குரல் தாழ்ந்தால்தான் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். "எல்லாரையும் உள்ள கூப்பிடு" என்றார் கான்ஸ்டபிளிடம்.

முதலாளியும் என்ஜினியரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு டமாரம் வந்தாள், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை. இசையமைப்பாளர் அவளைப் பார்த்ததும் கைக்குட்டையைத் தேடினார்.

"அதை உள்ள வைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்துக் காலையில என்ஜினியர் டீ வாங்கப் போன நேரத்துல இந்தப் பெட்டியில ஒருத்தன் ரெண்டு கேபிள் செருகினான். மெல்லத் தட்டினா ஒண்ணும் தெரியாத மாதிரி சுருதியை இறக்கி வச்சான். லிமிட்டரைத் தூங்க வச்சான். இவ மெல்லத் தட்டிப் பார்ப்பா, அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஓங்கி அடிப்பான்னு அவனுக்கு நல்லாத் தெரியும். இவளைத் தூக்கிட்டு ஓடினப்புறம் கேபிளைக் கழட்டினான், வால்யூமை ஃபுல்லா வச்சான், பழியை என்ஜினியர் தலையில கட்டினான். எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரி வச்சான். சுருதி மட்டும் எங்க இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரியல. போட்டோ இவ போன்லயும் என்ஜினியர் போன்லயும் மட்டும்தான் இருக்கு. அதனால காதால வச்சான்."

"இதெல்லாம் என்ன மேடம் கதை?" என்றார் இசையமைப்பாளர். "என்ஜினியரே வச்சிருக்கலாமே. தனியா வந்தான் இல்ல?"

"என்ஜினியர் வச்சிருந்தா போட்டோவில இருக்கற இடத்துல வச்சிருப்பாரு. இப்ப வச்ச மாதிரி. உங்க மாமாவுக்கு எது சுருதிக் குமிழ்னே தெரியாது. நேத்து நான் பார்த்த இடம் இதோ இந்தக் கோடு. இப்ப நீங்க வச்ச இடமும் இதே கோடு."

"அது பாட்டோட சுருதி! காது இருக்கறவன் யார் வச்சாலும் அங்கதான் வைப்பான்!"

"இவ வைக்க மாட்டா." இன்ஸ்பெக்டர் டமாரத்தைக் கைபிடித்து அழைத்துவந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார வைத்தார். அவளுடைய உள்ளங்கையை எடுத்து ஒலிபெருக்கியின் வலைமேல் பதித்தார். என்ஜினியருக்குக் கண் காட்டினார். பாட்டின் அடிச்சுருதி ஓட, ரப்பர் பலகையில் ஓர் அடி விழுந்தது. தும்ம்ம்ம். வழுவழுவென்று, சுருக்கமே இல்லாமல் தேய்ந்து போனது.

டமாரம் காத்திருந்தாள். கையை அழுத்தி வைத்தாள். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"துடிக்கல!" என்று கத்தினாள். "இது செத்துக் கிடக்கு! இது என்னுது இல்ல!"

"ரெண்டு சத்தம் மயிரிழை விலகி நின்னா, ஒண்ணோட ஒண்ணு உரசித் துடிக்குமாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "மூச்சு விடற மாதிரி. அதுக்காகத்தான் இவ வேணும்னே ஒரு நூல் கீழ வைப்பா. நேத்து எனக்கு எழுதிக் காட்டினா. நீங்க தப்புன்னு நினைச்சுத் திட்டினீங்களே, அதுதான் இவ வேலை. குத்தத்தை மறைக்க வந்த இடத்துலகூட உங்க காது சும்மா இருக்கல. இவ வச்சதைத் திருத்திட்டுப் போயிருக்கு."

"அதுதான் சரி!" இசையமைப்பாளர் வெடித்தார். முகம் இஞ்சி தின்றதுபோல் கோணியது. "அவ வைக்கிறது அபஸ்வரம்! ஊர் முழுக்க அதை என் டிரம்னு நினைச்சுப் பாராட்டினப்ப இதே அபஸ்வரத்தை நான் சகிச்சுக்கிட்டேன். இப்ப எடுத்துக்கிட்டுக் கிளம்புறாளாம், தன் பேர்ல! அப்புறம் எனக்கு என்ன இருக்கு? ரெண்டு நாள் காது அடைச்சா போக மாட்டான்னு நினைச்சேன். சும்மா ஒரு மிரட்டல். இவ்வளவு ஆகும்னு எனக்கு..."

சொன்னது காதில் விழுந்ததும் நிறுத்தினார். முதலாளி மச்சானின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பஸ் டிரைவர் ஓர் அடி முன்னால் வைத்தான். கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார்.

"லிமிட்டர் பட்டன்ல கைரேகை எடுத்திருக்கோம். இனி அது வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கொஞ்சம் முன்னாடி என்ன சொன்னீங்க? 'எனக்குக் காது இருக்கு'ன்னு. இருக்கு. நல்ல காது. அதை வச்சுக்கிட்டு இவ காதைப் பறிச்சீங்க பாருங்க..." மேலே என்ன சொல்லியிருப்பாரோ, குழந்தை நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "கூட்டிட்டுப் போ. என் கண் முன்னாடி நிக்க வைக்காத."

என்ஜினியர் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். அவர் தலையிலிருந்து பழி இறங்கிவிட்டது.

டமாரம் யாரையும் பார்க்கவில்லை. பாட்டின் அடிச்சுருதி இன்னும் ஓடிக்கொண்டிருக்க, இடது கை ஒலிபெருக்கியிலேயே இருந்தது. வலது கையை நீட்டிச் சுருதிக் குமிழை இரண்டு விரலால் பிடித்தாள். ஓர் அடி. ஒரு சின்னத் திருப்பு. இன்னோர் அடி. அவள் முகம் கல்லாக இருந்தது. மறுபடி ஓர் அடி, தும்ம்ம்ம், அதன் வால் தேயும்போது மெல்ல நெளிந்தது, வீங்கித் தணிந்தது, மறுபடி வீங்கியது. கான்ஸ்டபிளோடு வாசல்வரை போய்விட்ட இசையமைப்பாளர் பல் கூசியவர்போல் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

அம்மா கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் குழந்தை தன் கையையும் வைத்தது. கண்களை அகலத் திறந்தது.

"அம்மா, உள்ள யாரோ இருக்காங்க!"

அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்று எல்லோரையும் பார்த்துக் கத்தினாள் டமாரம். "என் இடி வந்துச்சா?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். கோபம் இன்னும் தணியவில்லை. குமிழ் பழையபடி கோட்டுக்கு ஒரு நூல் இடப்பக்கம் நிற்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித்தாளை எடுத்தவர், வேண்டாம் என்று அதை ஃபைலுக்குள் வைத்துவிட்டார்.